பெட்ரோல் முள்ளும் வைகை அடிக்கணக்கும்

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் உசிலம்பட்டி டீக்கடைகளில் பேப்பரைப் பிரிப்பவர்கள் முதலில் தேடுவது ஓர் எண்ணை. வைகை அணை எத்தனை அடி? முழு மட்டம் 71 அடி. 67 அடியை எட்டினால்தான் 58 கிராமக் கால்வாய்க்குத் தண்ணீர் என்பது இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. ஆற்றோரத்துக்காரர்கள் அந்த எண்களைக் கேட்டு மூட்டையைக் கட்டும் நேரத்தில், உசிலம்பட்டிக்காரர்கள் மண்வெட்டியைத் தேடுவார்கள்.

அந்த எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. அடி என்பது உயரக் கணக்கு. வயலுக்கு வேண்டியது கன அடி. 71 அடியில் 6,091 மில்லியன் கன அடி பிடிக்கும் அணையில், 35 அடிக்குத் தண்ணீர் நின்றால் பாதித் தண்ணீர் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அணை கீழே குறுகி மேலே விரிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றும் புனலின் வாயை அடைத்துவிட்டுப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சரியான கூம்பாக இருந்தால் அதில் நிற்பது முழுக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்குதான். போதாததற்கு அடியில் வண்டல் சேர்கிறது. அணைச் சுவரில் அடி குறித்திருக்கும் அளவுகோலுக்கு வண்டல் தெரியாது. தண்ணீரின் மேல்முகம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

காரின் பெட்ரோல் முள்ளுக்கும் அவ்வளவுதான் தெரியும். இதை எனக்குப் புரியவைத்தது கருமாத்தூர் தாண்டி ஒரு புளியமரத்தடி.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி நாற்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் பயணம். என் பழைய காரின் முள் கால் டேங்குக்குச் சற்று மேலே நின்றதால், செக்கானூரணியில் பங்க்கைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கருமாத்தூர் தாண்டியதும் கார் இரண்டு முறை இருமியது. பிறகு ஓரமாக உருண்டு நின்றுகொண்டது. சாவியை அணைத்துத் திரும்பப் போட்டேன். முள் நிதானமாக எழுந்து பழையபடி கால் டேங்கில் போய் உட்கார்ந்தது. நான் பானெட்டைத் திறந்து, ஒன்றும் தெரியாதவர்கள் எல்லோரும் செய்வதுபோல, வயர்களை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார்.

"என்னப்பா, பெட்ரோல் தீந்துபோச்சா?"

"இல்லீங்கய்யா, கால் டேங்க் இருக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. காரின் பின்னால் போனார். பம்பரில் இரண்டு கையையும் ஊன்றி நாலு தடவை அழுத்தி ஆட்டினார். குனிந்து காதைக் கொடுத்தார். "சலசலப்பையே காணோமே. வெறும் டேங்க்குப்பா" என்றார். தன் வண்டியின் டியூபைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் வடித்துக் கொடுத்தார். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. ஆயில் கலந்த பெட்ரோல். "புகை விட்டுக்கிட்டே போயிரும், பயப்படாத" என்றார். அப்படியே போனது.

அந்தப் பெரியவரின் சோதனையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பெட்ரோலை நேரடியாக விசாரித்தவர் அவர் ஒருவர்தான். வண்டிகளின் வரலாற்றில் பெரும்பகுதி நேரடி விசாரணைதான். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல்-டி காரில் பெட்ரோல் மீட்டர் கிடையாது. சீட்டுக்கு அடியில் டேங்க். மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்து, நனைந்த உயரத்தைப் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு 1961-இல்தான் மீட்டர் வந்தது. அதுவரை கால்பக்கத்தில் ஒரு ரிசர்வ் திருகு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மதுரை டிவிஎஸ் நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்து பஸ்களில் பொருத்தியது. கரி தீர்ந்ததா என்று பார்க்க மூடியைத் திறந்தால் போதும்.

மொபெட்டின் ரிசர்வ் இருக்கிறதே, அது இன்னும் அழகான கருவி. டேங்குக்குள் உயரம் வேறுபட்ட இரண்டு குழாய்கள், அவ்வளவுதான். உயரமான குழாயின் வாய்க்குக் கீழே பெட்ரோல் இறங்கியதும் வண்டி தானே நிற்கும். திருகைத் திருப்பினால் தாழ்ந்த குழாய் உறிஞ்சத் தொடங்கும். மின்சாரமும் இல்லை, முள்ளும் இல்லை, கெட்டுப்போகப் பெரிதாக எதுவுமில்லை. 'ரிசர்வ் விழுந்துருச்சு' என்று சொல்பவர் ஓர் அளவீட்டு முடிவைத்தான் அறிவிக்கிறார்.

காரில் நமக்கு அந்தப் பொறுமை இல்லை. ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். அதற்காகப் பெட்ரோலுக்கும் நம் கண்ணுக்கும் நடுவே நான்கு ஆட்களை நிறுத்தியிருக்கிறோம். முதல் ஆள் மிதவை. மெக்கானிக்குகள் 'ஃப்ளோட்' என்பார்கள். பெட்ரோலின் மேல் மிதந்து, ஒரு கம்பிக் கையின் நுனியில் ஏறி இறங்கும். இரண்டாவது, அந்தக் கையின் மறுமுனை தடவிச்செல்லும் மின்தடைப் பட்டை. மிதவையையும் பட்டையையும் சேர்த்துத்தான் 'டேங்க் யூனிட்'. மூன்றாவது, வயரும் எர்த்தும். நான்காவது, டேஷ்போர்டில் இருக்கும் மீட்டர். அந்த மீட்டரைச் செய்யும் தொழில் நமக்கு அந்நியமானதல்ல. கோயம்புத்தூரில் 1975 முதல் இயங்கும் பிரிக்கால் நிறுவனம் வண்டிகளின் டேஷ்போர்டு மீட்டர்களுக்குப் பேர்போனது.

டேங்க் யூனிட்டின் கணக்கு எளிது. ஐரோப்பிய முறையில் செய்த பல யூனிட்டுகளில், டேங்க் காலியென்றால் ஏறக்குறைய 10 ஓம் மின்தடை. நிரம்பியிருந்தால் 180 ஓம். அமெரிக்காவில் ஒரு வகை 0-இலிருந்து 90 வரை போகும். வேறு சிலவற்றில் எல்லாமே தலைகீழ்: காலிக்கு 240, நிறைந்ததற்கு 33. என் கார் முதல் ஜாதி. ஓம் கூடினால் முள் ஏறும். இது நினைவிலிருந்தால் மீதி வழக்கு முழுவதும் விளங்கிவிடும்: நடுவில் எங்கேனும் துருவோ அழுக்கோ கொஞ்சம் ஓமைத் திருட்டுத்தனமாகச் சேர்த்துவிட்டால், மீட்டர் அதைப் பெட்ரோல் என்று எண்ணிக்கொள்ளும்.

உசிலம்பட்டியில் தேனி ரோட்டோரம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. முப்பது வயதுக்குள் இருக்கும் தம்பி. காரைத் தொடவே இல்லை. முதலில் ஒரு கேள்வி.

"டெம்பரேச்சர் முள்ளு ஒழுங்கா காட்டுதா சார்?"

எனக்குப் பெட்ரோலைப் பற்றிய கவலை; இவர் என்ன வெப்பத்தைக் கேட்கிறார் என்று யோசித்தேன். கேள்வி கூர்மையானது. பழைய மீட்டர்களில் பல, சூட்டினால் வேலை செய்பவை. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கும். அதன்மேல் சுற்றிய கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் சூடேறும். ஒரு உலோகம் மற்றதைவிட அதிகம் விரிவதால் பட்டை வளையும். வளைவு முள்ளைத் தள்ளும். சூடேறவும் ஆறவும் நேரம் பிடிப்பதால், பள்ளத்தில் இறங்கி டேங்கில் பெட்ரோல் குலுங்கினாலும் முள் பதறாது. (இன்றைய கார்களில் அந்த நிதானத்தை மென்பொருள் செய்கிறது, பல அளவுகளைச் சராசரி பார்த்துத்தான் முள்ளை நகர்த்தும்.) சூட்டு மீட்டருக்கு மின்னழுத்தம் ஒரே சீராக வர வேண்டும் என்பதால் ஒரு சீராக்கி வைப்பார்கள். பெட்ரோல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் ஒரே சீராக்கி. அது கெட்டால் இரண்டும் சேர்ந்தாற்போல் கூடவோ குறையவோ காட்டும். இரண்டு பேர் ஒரே பொய்யைச் சொன்னால், இருவருக்கும் சொல்லிக்கொடுத்தவன் ஒருவன் இருப்பான். என் வெப்ப முள் ஒழுங்காக இருந்தது. சீராக்கி விடுதலை.

"சாவியப் போட்டு, வண்டிய நகத்தாம பிரேக்க மிதிங்க. முள்ளு எகிறுதா?"

எகிறவில்லை. இது எர்த்துக்கான விசாரணை. டேங்க் யூனிட்டும் பின்னால் இருக்கிறது, பிரேக் விளக்குகளும் பின்னால் இருக்கின்றன. பல கார்களில் இரண்டும் பாடியில் ஒரே போல்ட்டைத்தான் எர்த்துக்கு நம்புகின்றன. 21 வாட் விளக்குகள் இரண்டு. 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். அந்த போல்ட்டில் துருப்பிடித்து 0.3 ஓம் தடை இருந்தாலே, பிரேக்கை மிதித்ததும் அங்கே ஒரு வோல்ட் தேங்கிவிடும். டேங்க் யூனிட்டின் கால் தரையில் இல்லாமல் ஒரு படி மேலே ஏறி நிற்பதுபோல் ஆகும். என் காரின் முறையில் முள் துள்ளி ஏறியிருக்கும். ஓடும் வண்டியில் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. பிரேக் பிடித்தால் பெட்ரோலே முன்னால் ஓடும், முள் ஆடத்தான் செய்யும். 'நகத்தாம' என்று அந்தத் தம்பி சேர்த்த ஒரு சொல்லில் ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தின் ஒழுங்கு இருந்தது.

பிறகுதான் பின்சீட்டைத் தூக்கினார். அடியில் ஒரு தகட்டு மூடி, அதன் கீழே டேங்க் யூனிட்டின் தலை. அதிலிருந்து வயரைக் கழற்றி அந்தரத்தில் பிடித்தார். முள் மெல்ல ஏறி எஃப்-இல் நின்றது. வயரின் முனையைப் பாடியில் தொட்டார். முள் இறங்கி இ-க்குப் போனது.

"மீட்டரும் வயரும் சுத்தமா இருக்கு சார். குத்தவாளி டேங்க்குக்குள்ளதான்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. கழற்றிய வயரின் தடை எல்லையற்றது. மீட்டருக்கு அது 'நிறைந்த டேங்க்'. பாடியைத் தொட்ட வயரின் தடை சுழி; அது 'காலி'. இரண்டு முனையையும் சரியாகக் காட்டும் மீட்டர், நடுவில் மட்டும் பொய் சொல்ல வாய்ப்பு குறைவு. நான்கு பேர் கொண்ட சங்கிலியை நடுவில் வெட்டி, முன்பாதியை முழுதாக விடுவித்துவிட்டார். பத்துப் பாகங்களைக் கழற்றி மாற்றிப் பார்ப்பவருக்கும் கைதேர்ந்தவருக்கும் வித்தியாசம், எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிவதில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: புதிய கார்களில் டேங்க் யூனிட்டின் செய்தி நேரே முள்ளுக்குப் போகாமல் ஒரு கணிப்பொறிக்குப் போகிறது. அங்கே வயரைப் பாடியில் தொட்டுப் பார்க்கக்கூடாது. ஸ்கேனரை மாட்டி, யூனிட் என்ன அளவு அனுப்புகிறது என்று படிக்க வேண்டும்.

டேங்க் யூனிட்டை வெளியே எடுக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றினார். காரை நிழலிலிருந்து வெட்டவெளிக்குத் தள்ளச் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம், "அண்ணே, பீடிய அங்குட்டுப் போய்க் குடிங்க" என்றார், சிரிக்காமல். பெட்ரோல் தீர்ந்த டேங்க் நிரம்பிய டேங்கைவிடப் பாதுகாப்பானது என்பது ஆபத்தான நினைப்பு. திரவம் போன இடத்தில் ஆவியும் காற்றும்தான் நிற்கின்றன. பற்றிக்கொள்ளத் தேவையான கலவை அதுவே.

முதலில் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பழைய பித்தளை மிதவைகளில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து, மிதக்க வேண்டியது மூழ்கும். அப்போது டேங்க் நிறைய இருந்தும் முள் காலி என்று காட்டும். எனக்கு நேர்ந்தது அதற்கு நேர் எதிரானது என்பதால் மிதவை மேல் சந்தேகமே இல்லை, பழக்கத்தில் செய்தார். மல்டிமீட்டரை மாட்டி, கையை அடிமட்டத்துக்கு இறக்கினார். 10-ஐ ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 60. லேசாகத் தட்டினால் 14. விட்டுவிட்டால் மறுபடி 50-க்கு மேல். மேலே தூக்கத் தூக்க எண்கள் ஒழுங்காக ஏறின.

பட்டையை என்னிடம் காட்டினார். பீங்கான் தகட்டில் மெல்லிய கோடுகள், அவற்றைத் தடவும் சிறு விரல்கள். கீழ்ப்பகுதியில் கோடுகள் தேய்ந்து, மேலெல்லாம் கறுப்பு.

"இது வெள்ளி சார். வீட்ல பாப்பா கொலுசு கறுக்கும்ல, அதேதான்."

அதேதான். இந்தக் கோடுகளிலும் விரல்களிலும் வெள்ளிக் கலவை உண்டு. மின்சாரத்தை வெள்ளியைப்போலக் கடத்தும் உலோகம் வேறில்லை. வெள்ளிக்குப் பெரிய பலவீனம், கந்தகம். காற்றில் கலந்த அழுகிய முட்டை நாற்ற வாயுவிலும் கந்தகம் இருக்கிறது, வியர்வையிலும் இருக்கிறது. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் வெள்ளி சல்பைடு, கறுப்பு. கொலுசில் அது அழகுக்குறைவு மட்டும். மின்தொடுப்பில் அது தடைச்சுவர், ஏனென்றால் வெள்ளி சல்பைடு மின்சாரத்தை மிக மோசமாகத்தான் கடத்தும். எனக்குக் கால் டேங்க் இருப்பதாகக் காட்டியது அந்தக் கறுப்பின் ஐம்பது ஓம்.

இது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2004 மே மாதம் அமெரிக்காவில் ஃப்ளோரிடா, லூசியானா பகுதிகளில் ஒரு சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்த பெட்ரோலில் கந்தகம் கூடுதலாகக் கலந்துவிட்டது. கார்கள் ஓடின, ஆனால் டேங்க் யூனிட்டுகளின் வெள்ளி கறுத்து, பெட்ரோல் முட்கள் கண்டபடி காட்டத் தொடங்கின. பங்க்குகளில் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அந்நாட்டுப் பெட்ரோல் தரவிதிகளில் வெள்ளித் தகட்டைப் பெட்ரோலில் முக்கி எடுத்துக் கறுக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் சேர்ந்தது. நம் பெட்ரோலில் கந்தகத்தின் உச்சவரம்பு பிஎஸ்-3 காலத்தில் பத்து லட்சத்தில் 150 பங்கு, பிஎஸ்-4-இல் 50, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6-இல் 10. என் காரின் டேங்க் யூனிட் இந்த மூன்று காலங்களையும் பார்த்தது. வெள்ளியைத் தின்பதில் மொத்தக் கந்தகத்தைவிட, அதில் தனித்து வினைபுரியும் சிறு பகுதிதான் முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேய்மானத்துக்குக் காரணம் நான்தான். ஐந்நூறு ரூபாய்க்குப் போடுகிற பழக்கம் எனக்கு. அதனால் விரல்கள் வருடக்கணக்கில் பட்டையின் கீழ்க் கால் பகுதியிலேயே உலாத்தியிருக்கின்றன. மேல்பாதி புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

வீடுகளில் கொலுசைத் திருநீறு போட்டுத் தேய்ப்பார்கள். தம்பி பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தார். "எமரி போட்டா கோடே போயிரும் சார்." விரல்களை மயிரிழை வளைத்து, தேயாத இடத்தில் தொடும்படி வைத்தார். அடிமட்டத்தில் இப்போது 12 ஓம். "இது ஒரு வருசம் தாங்கும். மறுபடி காட்டுச்சுன்னா யூனிட்ட மாத்திருங்க" என்று முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். "அதுவரைக்கும் முள்ள மட்டும் நம்பாதீங்க. ட்ரிப் மீட்டரையும் பாருங்க."

விமானிகளும் அப்படித்தான் இரண்டாவது சாட்சி வைத்திருப்பார்கள். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று எரிபொருள் மீட்டர் வேலை செய்யாத நிலையில் கிளம்பியது. குச்சி அளவு எடுத்தார்கள். லிட்டர் கணக்கும் சரியாகவே வந்தது. அதை எடையாக மாற்றும்போது கிலோவுக்கு உரிய 0.8-க்குப் பதில் பவுண்டுக்கு உரிய 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். 22,300 கிலோ இருப்பதாக நினைத்த இடத்தில் பாதிக்கும் குறைவு. நடுவானில் எஞ்சின்கள் அணைந்தன. கேப்டன் ராபர்ட் பியர்சன் அதைக் கிளைடர்போல மிதக்கவிட்டு கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள். இரண்டாவது சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது.

நான் என் முள்ளைக் குறுக்கு விசாரணை செய்தேன். காலி டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சமதரையில் நிறுத்தி, முள் நிற்கும் இடத்தைக் குறித்தேன். பங்க்குகளில் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவு இருக்கும். கேட்டால் அதில் பிடித்துக் காட்டுவார்கள். 35 லிட்டர் டேங்க். முதல் ஐந்துக்கு முள் இ-யை விட்டுச் சற்று எழுந்தது. பத்துக்குக் கால் தாண்டியது. பதினைந்துக்கே அரை! அதற்குப் பின் சோம்பல்: இருபதுக்கு அரைக்குச் சற்று மேல், இருபத்தைந்துக்கு முக்கால், முப்பதுக்கு எஃப். கடைசி ஐந்து லிட்டருக்கு முள் அசையவே இல்லை; மிதவை கூரையைத் தொட்டுவிட்டது, மேலே ஏற இடமில்லை.

'மேல்பாதி நல்லா ஓடுது, கீழ்பாதி கடகடன்னு இறங்கிருது' என்று கார்க்காரர்கள் புலம்புவது பிரமை இல்லை. பின்சீட்டுக்கு அடியில் கிடைத்த சந்துபொந்துக்கு ஏற்ப மடித்த டேங்க் அது. என்னுடையது கீழே குறுகி மேலே விரிகிறது. வைகையில் மேல் நாலு அடிக்கு இருக்கும் மரியாதை இங்கே மேல்பாதிக்கு.

அந்த ஏழு வரிகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். டேங்கை நிரப்பும்போதெல்லாம் ட்ரிப் மீட்டரைச் சுழியாக்குகிறேன். 400 கிலோமீட்டர் ஆனதும், முள் என்ன காட்டினாலும் சரி, செக்கானூரணி பங்க்கில் வண்டி தானாகத் திரும்புகிறது.